பிடி போடாத மண்வெட்டி: கணிதப் பட்டத்தோடு வன்னியில் என்ன செய்யலாம்?

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியும் தெரிந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் ஒரு பருவம் தொடங்கிவிடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளும் தாய்மாரும் தெரிந்த ஆசிரியர்களின் வீடுகளுக்குப் போவார்கள். அப்படி என் வீட்டுக்கு மகனோடு வந்த ஓர் அம்மா, கதிரையில் இருந்ததுமே கேட்டார்: "சேர், இவனுக்கு எஞ்சினியரிங் கிடைக்காதாம். பௌதிக விஞ்ஞானம்தான் வருமாம். மற்ஸ் படிச்சா என்ன வேலை?"

நான் கம்பஸ் போன நாளில் என் அம்மாவும் இதே கேள்வியைத்தான் கேட்டார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. மருத்துவம் படித்தால் டொக்டர், சட்டம் படித்தால் சட்டத்தரணி என்று பட்டத்தின் பெயரிலேயே வேலை ஒட்டியிருக்கிறது. கணிதத்தில் அப்படி ஒன்றும் ஒட்டியில்லை. ஆகவே ஊர் தன் பாட்டுக்கு ஒரு பதிலை ஒட்டிவிடும்: "வாத்தியாராகலாம்." அது பிழையில்லை, ஆனால் பாதிப் பதில்.

அந்த அம்மாவுக்கு நான் மண்வெட்டியை வைத்துச் சொன்னேன். என் அப்பா கடையில் மண்வெட்டித் தலையை மட்டும்தான் வாங்குவார். பிடியைக் காட்டில் நேரான தடி பார்த்து வெட்டி, காயவிட்டு, சீவி, ஆப்பு வைத்து இறுக்குவார். தலை எவ்வளவு நல்ல இரும்பாக இருந்தாலும் பிடி போடும்வரை அதை வைத்து ஒரு வரம்பு கட்ட முடியாது. கணிதப் பட்டமும் அப்படித்தான். அதற்கு ஒரு பிடி வேண்டும். புள்ளிவிபரவியலோ, கணினி நிரலாக்கமோ, காப்புறுதிப் பரீட்சைகளோ, கற்பித்தலோ, ஏதோ ஒன்று. பட்டம் முடிந்து வெளியே வந்த பிறகு பிடி தேடத் தொடங்கியவர்கள்தான் கஷ்டப்படுகிறார்கள். நானும் அப்படிக் கஷ்டப்பட்டவன்.

முதலில் அந்தப் பட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏ.எல். இணைந்த கணிதத்தை வைத்து அதை அளக்க முடியாது. ஏ.எல்.லில் கணக்குச் செய்கிறோம். எறிபொருள் எங்கே விழும், ஏணி எப்போது வழுக்கும் என்று விடை காண்கிறோம். பல்கலைக்கழகத்தில் முதல் தவணையிலேயே "ஒவ்வொரு எப்சிலனுக்கும் ஒரு டெல்டா உண்டு" என்று நிறுவச் சொல்வார்கள், அதுவும் ஆங்கிலத்தில். தமிழ் மொழிமூலத்தில் மூன்று ஏ எடுத்தவனே அந்த மாதங்களில் ஆடிப்போவதைக் கண்டிருக்கிறேன். விரிவுரையாளர் சொல்வதில் கணிதம் விளங்கவில்லையா, ஆங்கிலம் விளங்கவில்லையா என்று பிரித்தறியவே எனக்கு ஒரு வருடம் போயிற்று. அதைத் தாண்டினால் ஒரு பழக்கம் கைக்கு வரும். எது தெரியும், எது ஊகம், எதிலிருந்து எது வருகிறது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம். வேலை கொடுப்பவர்கள் விலை கொடுப்பது இதற்குத்தான். பட்டத்தில் படித்த தேற்றங்களை வேலையிடத்தில் யாரும் கேட்பதில்லை.

படிக்கும் இடம் தூரமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் கணிதமும் புள்ளிவிபரவியலும் சேர்ந்த துறை இருக்கிறது. வவுனியாவில் 1991இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக நிற்கும் பம்பைமடு வளாகத்தில், பிரயோக கணிதத்தையும் கணினியையும் சேர்த்துப் படிக்கலாம். கைந்நூலை நிதானமாகப் புரட்டினால் வேறு பெயர்களும் கண்ணில் படும். பேராதனையில் புள்ளிவிபரவியலும் செயற்பாட்டு ஆய்வும், கொழும்பில் கைத்தொழில் புள்ளிவிபரவியலும் நிதிக் கணிதமும், றுகுணையில் நிதிக் கணிதமும் கைத்தொழில் புள்ளிவிபரவியலும். இவை பாதிப் பிடி போட்ட மண்வெட்டிகள். தூரத்துக்குப் பயந்து பெற்றோர் இவற்றைப் பட்டியலின் அடியில் தள்ளிவிடுவதுதான் கவலை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால், 5 சதவீத ஒதுக்கீட்டிலும் எங்கள் பிள்ளைகளுக்குப் பங்குண்டு. அந்தச் சலுகையை நல்ல துறை ஒன்றைப் பிடிக்கப் பயன்படுத்த வேண்டும்.

சரி, ஊர் சொல்லும் பதிலிலிருந்தே தொடங்குவோம். ஆசிரியத் தொழில்.

வன்னியில் கணித ஆசிரியர் தட்டுப்பாடு புதிதல்ல. துணுக்காய், மடு, வவுனியா வடக்கு வலயங்களின் உட்பகுதிப் பாடசாலைகளில் கணிதத்தை வேறு பாடத்துக்கு வந்த ஆசிரியர் சமாளித்துக்கொண்டிருப்பது சாதாரணம். நியமனம் பெற்று வரும் கணிதப் பட்டதாரிகளில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து அதிகாலைப் பேருந்தில் ஏறி ஏ-9 வழியாக வந்து, இரண்டு மணிக்குத் திரும்பிப் போகிறவர்கள். கட்டாய சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் எடுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பில் பாதியில் ஆசிரியர் மாறினால் அந்த வகுப்பின் ஓ.எல். கணிதப் பெறுபேறு என்னவாகும் என்று எனக்குத் தெரியும். கணிதத்தில் சித்தியில்லாத பிள்ளைக்குப் பல அரச வேலைகளின் விண்ணப்பப் படிவமே மூடியிருக்கும். ஆகவே மாங்குளத்திலோ விசுவமடுவிலோ பிறந்து, அங்கேயே வீடு வைத்துக்கொண்டு, இருபது வருடம் ஒரே பாடசாலையில் கணிதம் படிப்பிக்கக்கூடிய ஒரு பட்டதாரியின் பெறுமதியைச் சம்பளச் சீட்டை வைத்துச் சொல்ல முடியாது.

இலங்கை ஆசிரியர் சேவைக்குப் பட்டதாரிகள் போட்டிப் பரீட்சை, நேர்முகம் வழியாக எடுக்கப்படுகிறார்கள். உள்ளே போன பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்ய வேண்டும். அது பதவி உயர்வுக்கு மட்டுமில்லை, படிப்பிக்கவும் உதவும். கணிதம் தெரிந்தவருக்கெல்லாம் படிப்பிக்கத் தெரியாது. பின்னத்தில் ஒரு பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று கண்டுபிடிப்பது தனிக் கலை. ஐந்தில் இரண்டையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் எட்டில் மூன்று என்று எழுதும் பிள்ளை சோம்பேறியல்ல. மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டலாம் என்று அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. தொடங்கிய ஐந்தில் இரண்டே எட்டில் மூன்றைவிடப் பெரியது என்று காட்டினால் போதும், "கூட்டினால் எப்படிக் குறையும்?" என்று தானே கேட்கும். ரியூசனில் இதைவிடக் கூடக் காசு உழைக்கலாம், அதுவும் ஒரு தொழில்தான். ஏ.எல். இணைந்த கணிதத்துக்குப் பெயரெடுத்துவிட்டால் வருமானத்துக்குக் குறைவிருக்காது.

அடுத்தது அரச பரீட்சைகள். நிர்வாக சேவை, திட்டமிடல் சேவை, கணக்காளர் சேவை, கல்வி நிர்வாக சேவை, மத்திய வங்கி என்று பட்டதாரிகளுக்குத் திறந்திருக்கும் பரீட்சைகள் பல. நுண்ணறிவுப் பத்திரத்தில் கணிதக்காரருக்கு இயல்பாகவே ஒரு மேற்கை உண்டு. கட்டுரைப் பத்திரத்தில்தான் சறுக்குவார்கள், ஏனென்றால் நான்கு வருடம் ஒரு பந்தி எழுதாமலே பட்டம் எடுத்துவிடலாம். பத்திரிகை வாசிக்காத கணிதப் பட்டதாரிக்கு இந்தப் பரீட்சைகள் வேண்டாம்.

கணிதத்திலிருந்து பொது வாழ்க்கைக்குப் போன ஒருவரை வவுனியா நன்றாக அறியும். உரும்பிராயில் பிறந்து ஒக்ஸ்போர்டில் படித்த சி. சுந்தரலிங்கம், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1947 தேர்தலில் வவுனியாவில் சுயேச்சையாக வென்று, நாட்டின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரானார். ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போகக்கூடாது என்று மாவிட்டபுரம் கோயில் வாசலில் 1968இல் அவர் நின்ற பக்கத்தை என்னால் ஏற்க முடியாது. ஆனால் கணிதம் படித்தவனுக்குக் கரும்பலகையோடு வாழ்க்கை முடிந்துவிடும் என்று சொல்பவர்களுக்கு அவரைத்தான் காட்டுவேன்.

அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலையற்ற பட்டதாரிகள் வீதியில் இறங்குவதும், அரசாங்கம் மொத்தமாகப் பயிலுனர் நியமனம் கொடுப்பதும் எங்கள் நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கிறது. 2020 செப்டெம்பரில் ஒரே தடவையில் சுமார் 50,000 பட்டதாரிகளுக்கு அப்படிக் கொடுத்தார்கள். அதற்கு முந்திய ஒரு சுற்றில் நானும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசை இல்லை. ஜன்னலோரம் ஒரு கதிரை. வேலை என்றால் கோப்புகளுக்கு இலக்கம் போடுவதும் போட்டோக்கொப்பி எடுப்பதும். காலையில் கையெழுத்து, பின்னேரம் கையெழுத்து. அந்தக் காலத்தில் என் கணிதம் துருப்பிடித்ததை நானே உணர்ந்தேன், ஒருநாள் சாதாரண தொகையீடு ஒன்றைச் செய்ய முடியாமல் நின்றேன். மாதச் சம்பளம் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது, அதை மறுக்கவில்லை. அந்த நியமனம் கிடைத்தால் எடுங்கள். ஆனால் அந்த நாற்காலியில் இருந்துகொண்டே அடுத்ததற்குப் படியுங்கள்.

இனி நான் மனதார விரும்பும் துறைக்கு வருகிறேன், புள்ளிவிபரம்.

எண்ணப்படாமல் இருப்பது என்றால் என்ன என்று வன்னிக்குத் தெரியும். 1981க்குப் பிறகு இங்கே அடுத்த முழுமையான குடித்தொகை மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. 2001இல் நாடு எண்ணப்பட்டபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எண்ணவில்லை. 31 வருடங்கள். 2012இல் கிளிநொச்சி மாவட்டத்தில் 113,510 பேர், முல்லைத்தீவில் 92,238 பேர் என்று வந்தது. இந்த இரண்டு மதிப்பீடுகளுக்கும் இடையில் நடந்ததை விளக்க, மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில், போரின் பின் அமைக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கச்சேரிப் (மாவட்டச் செயலகப்) பதிவின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். அதன் பிறகு அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்ததாக ஐ.நா. அலுவலகம் சொன்ன தொகை 282,380. மிச்சம் 146,679 பேர் எங்கே என்று கேட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் செய்யத் தெரிந்த கணக்கு. அதைக் கேட்க முடிந்ததே, அந்த நாட்களிலும் கச்சேரியில் ஒரு பதிவு இருந்ததால்தான். எண்ணிக்கை எப்படி எடுக்கப்பட்டது, எங்கே இரட்டிப்பாகியிருக்கலாம், எங்கே விடுபட்டிருக்கலாம் என்று பேசத் தெரிந்தவர்கள் எங்கள் மத்தியில் இன்னும் நிறையப் பேர் வேண்டும். நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் அசையாமல் இருப்பார்கள். அவர்களில் சிலரின் வீட்டிலும் அந்த மிச்சத்தில் ஒருவர் இருக்கிறார்.

தொழிலாக இதற்கு வழி உண்டு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் தலைமையகம் பத்தரமுல்லையில் இருந்தாலும், அதன் உத்தியோகத்தர்கள் மாவட்டச் செயலகங்களிலும் பிரதேச செயலகங்களிலும் வேலை செய்கிறார்கள். நெல் விளைச்சல் மதிப்பீடு, வீட்டு வருமான ஆய்வு, தொழிலாளர் படை ஆய்வு எல்லாம் அவர்கள் கையால் நடப்பவை. மேலே இலங்கைப் புள்ளிவிபரவியல் சேவை இருக்கிறது. அரசுக்கு வெளியே தொண்டு நிறுவனங்களும் கண்காணிப்பு, மதிப்பீட்டு வேலைக்கு ஆள் தேடுகின்றன. அங்கே மாதிரி எடுப்பது எப்படி என்று ஒழுங்காகத் தெரிந்தவர் குறைவு. "ஐம்பது பேரிடம் கேட்டோம்" என்று அறிக்கை எழுதுவார்கள், அந்த ஐம்பது பேரும் வீதியோரத்து வீடுகளாக இருக்கும். உள்ளே மூன்று கிலோமீற்றர் தள்ளிக் காட்டோரம் இருக்கும் வீட்டுக்கு யாரும் போயிருக்க மாட்டார்கள். அந்த அறிக்கையை வைத்துத்தான் கிணறும் வீடும் ஒதுக்கப்படும்.

தண்ணீரும் கணக்குத்தான். சிறுபோகத்துக்கு முந்திய கூட்டத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். இரணைமடுக் குளத்தில் இவ்வளவு அடி தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கருக்கு விடலாம் என்பதுதான் கேள்வி. ஒரு ஏக்கர் அடி என்றால் 43,560 கன அடி. அடியை ஏக்கர் அடியாக மாற்றி, குடிநீருக்கும் ஆவியாதலுக்கும் வாய்க்காலில் ஊறுவதற்கும் கழித்து, மிச்சத்தை ஒரு ஏக்கர் நெல்லுக்கு வேண்டிய தண்ணீரால் பிரிக்க வேண்டும். குளம் கீழே ஒடுங்கிப் போவதால், மேல் ஒரு அடியில் இருக்கும் அளவு தண்ணீர் கீழ் ஒரு அடியில் இருக்காது. இந்த இடத்தில் நேர்விகிதம் போட்டவர் பிழைவிடுவார். மாரியில் கணக்கு மறுபக்கம். 2018 டிசெம்பர் 21, 22இல் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, வான் கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்பதே ஊரெல்லாம் பேச்சு. கனகராயன் ஆற்றால் வந்துகொண்டிருக்கும் நீர், நிற்கும் நீர், வெளியே போகும் நீர் மூன்றையும் மணிக்கு மணி சேர்த்துப் பார்ப்பது வகையீட்டுச் சமன்பாடு. நேர்மையாகச் சொன்னால் கணிதப் பட்டதாரிக்கு இந்தக் கதவு நேராகத் திறக்காது. நீர்ப்பாசனம் பொறியியலாளர்களின் இடம். ஆனால் பௌதிகத்தையும் சேர்த்துப் படித்தவருக்கு வளிமண்டலவியல் திணைக்களம் இருக்கிறது, நீரியலில் முதுமாணி செய்தவருக்கு ஆய்வு வேலைகள் இருக்கின்றன.

காசுப் பக்கம் போனால் வங்கி, காப்புறுதி, பட்டயக் கணக்கியல். இதில் காப்புறுதிக் கணிப்பாளர் என்ற தொழிலை எங்கள் பக்கத்தில் அனேகமாக யாருமே சொல்வதில்லை. ஒரு வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள், ஒரு பருவத்தில் எத்தனை வயல் அழியும் என்ற நிகழ்தகவிலிருந்து, காப்புறுதிக் கட்டணம் எவ்வளவு, கைவசம் எவ்வளவு பணம் வைத்திருக்க வேண்டும் என்று கணிப்பவர் அவர். பிரித்தானியாவின் கணிப்பாளர் நிறுவனம் நடத்தும் பத்துக்கும் மேற்பட்ட பரீட்சைகளைத் தாண்ட வேண்டும். வேலை செய்துகொண்டே எழுதினாலும் பல வருடம் எடுக்கும், கட்டணமும் பவுணில். 2022இல் ரூபா விழுந்தபோது அந்தக் கட்டணத்தைப் பார்த்துப் பலர் மலைத்துப்போனார்கள். ஆனால் கொழும்பு நிறுவனங்களில் முதல் ஒன்றிரண்டு தாள் சித்தியடைந்தவருக்கே வேலை கொடுத்து, மிச்சத்துக்கு உதவி செய்கிறவர்கள் உண்டு. ஆகவே கம்பஸில் இருக்கும்போதே முதல் தாளை எழுதிப் பார்ப்பதுதான் புத்தி.

கணினித் துறை பற்றி எல்லாருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பைதனும் எஸ்.கியூ.எல்.உம் கையில் இருக்கும் கணிதப் பட்டதாரியைத் தரவு வேலைக்கு விரும்பி எடுக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவின் அடியில் ஓடுவது நேரியல் அட்சரகணிதமும் நிகழ்தகவும்தான். கிளிநொச்சியில் வீட்டில் இருந்துகொண்டே கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலை செய்யலாம் என்பது உண்மை, ஆனால் அனுபவம் இல்லாத முதல் வேலைக்கு அது நடப்பது அரிது. முதல் இரண்டு வருடம் வெளியே போய் மனிதர்களோடு இருந்து பழகிவிட்டு வருவது நல்லது.

மேலே படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, குறிப்பாக வீட்டில் வசதியில்லாதவர்களுக்கு, இரண்டு விஷயம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கணித முனைவர் பட்டத்துக்கு எடுபட்டால் பெரும்பாலும் கட்டணம் இல்லை. கீழ் வகுப்பு மாணவருக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினால் உதவித்தொகையும் தருவார்கள். அப்புறம் இத்தாலியின் திரியெஸ்தே நகரில், பாகிஸ்தானிய பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய சர்வதேச கோட்பாட்டுப் பௌதிக நிலையம் இருக்கிறது. பெயரில் பௌதிகம் இருந்தாலும் அங்கே கணிதத்துக்கும் ஒரு வருட டிப்ளோமா உண்டு. எங்களைப் போன்ற வளரும் நாட்டுப் பிள்ளைகளுக்கு என்றே, முழுச் செலவும் கொடுத்து நடத்துகிறார்கள். வன்னியில் ஒரு பிள்ளையிடமாவது இதைச் சொல்லாமல் ஒரு வருடத்தைக் கழிக்கக்கூடாது என்று வைத்திருக்கிறேன்.

பிடி போடும் காலம் இரண்டாம் ஆண்டு. முதலாம் ஆண்டில் மூச்சு விடவே நேரமிராது, நான்காம் ஆண்டில் பிந்திவிடும். இரண்டாம் ஆண்டில் ஒரு பாதையைத் தேர்ந்து, விடுமுறைகளில் அதில் ஏதாவது ஒன்றைச் செய்து பார்த்துவிட வேண்டும். பிடிக்கவில்லையென்றால் மாற்ற இன்னும் காலம் இருக்கும்.

இவ்வளவையும் அந்த அம்மாவிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பாதியில் அவர் மகனைக் கூப்பிட்டு, அம்மா எடுத்த கிழமைக் கடன் புத்தகத்தைக் காட்டச் சொன்னேன். வன்னியில் இந்தப் புத்தகம் இல்லாத வீடு குறைவு. 50,000 ரூபா எடுத்து, கிழமைக்கு 1,200 ரூபாப்படி 52 கிழமை. மொத்தம் 62,400. "அப்ப வட்டி 25 வீதத்துக்கும் குறைவு, சேர்" என்றான் பெடியன். கடன்காரர் சொன்னதும் அதேதான். ஆனால் 50,000 ரூபாவும் முழு வருடம் அம்மாவின் கையில் இருக்கவில்லை. முதல் கிழமையிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. குறைந்துகொண்டு போகும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 45 வீதம். குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று கையெழுத்து வைத்த பெண்களில் ஒருவருக்கும் அந்த எண்ணை யாரும் சொல்லியிருக்கவில்லை.

பெடியன் கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இதில இன்னும் 11 கிழமை இருக்கு. இப்பவே முழுக்கக் கட்டினா எவ்வளவு கட்டினாச் சரி?" என்று கேட்டான். கைந்நூலை ஒரு பக்கம் தள்ளிவைத்து, அவனிடம் கல்குலேட்டரைக் கொடுத்தேன். அது பெருக்குத் தொடர், ஏ.எல்.லில் படித்ததுதான். அரை மணித்தியாலம் எடுத்தது, நடுவில் ஒருமுறை அடுக்கைப் பிழையாகப் போட்டு அழித்தான். 13,200 கட்ட வேண்டிய இடத்தில் 12,530 அளவில் கட்டினால் போதும் என்று வந்தது. அம்மா அந்தத் துண்டை மடித்துக் கடன் புத்தகத்துக்குள் வைத்தார். துறைகளின் ஒழுங்கை எழுத மறுநாள் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.